ஒரு சொடுக்கில் மென்பொருள் இறங்க வேண்டுமா?

ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டும் சிறு மென்பொருள் ஒன்றை எழுதி, யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றியிருந்தேன். சிங்கப்பூரின் தெம்பனிஸிலிருந்து தமிழாசிரியை ஒருவர் அழைத்தார். “தம்பி, ஜிப்பைப் பிரித்தால் நாற்பது கோப்பு இருக்கிறது. எதைத் திறப்பது?”

கிட்ஹப் பக்கத்தில் உள்ள பச்சை நிறப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது தருவது மூல நிரல், அதாவது நான் எழுதிய கட்டளை வரிகள். சோறு கேட்டவரிடம் நெல் மூட்டையை நீட்டியிருக்கிறேன்.

முதலில், நிரலை நேரடியாக இயங்கும் கோப்பாகக் கட்டமைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று போதும். லினக்ஸ்காரர்கள் பெரும்பாலும் தாங்களே வழி கண்டுகொள்வார்கள்.

அடுத்து, உங்கள் நிரல் இருக்கும் களஞ்சியப் பக்கத்தில் ‘ரிலீசஸ்’ பகுதிக்குப் போய்ப் புதிய வெளியீட்டைத் தொடங்குங்கள். 1.0.0 எனப் பதிப்பெண்ணை டேக்காக (அடையாளச் சீட்டாக) இட்டு, கோப்புகளை இழுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றும் 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில்தான் நான் இருமுறை சறுக்கினேன். ஆசையாகத் தமிழில் பெயரிட்டேன். கிட்ஹப் அதை உருமாற்றிவிட்டது. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு பெயரிலேயே பதிப்பெண்ணைச் சேர்த்தேன். அதுவும் வேண்டாம். களஞ்சிய முகவரிக்குப் பின்னால் ரிலீசஸ், லேட்டஸ்ட், டவுன்லோடு, கோப்பின் பெயர் என்ற நான்கையும் இதே வரிசையில், ஆங்கிலத்தில், சாய்கோடிட்டு எழுதினால் அந்த இணைப்பு எப்போதும் புதிய பதிப்பையே இறக்கித் தரும். பெயர் மாறினால் இணைப்பு அறுந்துவிடும். பதிப்பெண்ணுக்கு டேக் இருக்கிறதே! சோதனைப் பதிப்பு என்றால் ‘பிரீ ரிலீஸ்’ என்று குறித்துவிடுங்கள். அது இந்த இணைப்பில் வராது.

இந்த இணைப்பை, களஞ்சியப் பக்கத்தில் அறிமுகமாகத் தெரியும் ரீட்மீ கோப்பின் முதல் வரியில் வையுங்கள். ஒவ்வொரு வெளியீட்டின் அடியிலும் கிட்ஹப் மூல நிரல் ஜிப்பைத் தானாகவே சேர்த்துவிடும். இணைப்பு கண்ணில் படாமல் அங்கே தேடிப் போகிறவர் மறுபடியும் நெல் மூட்டையில்தான் கை வைப்பார். கோப்பு பழுதின்றி வந்ததா என்று பார்க்க விரும்புவோருக்காக எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு) கீழே எழுதிவிடுங்கள்.

எல்லாம் முடித்து, அந்த ஆசிரியையைக் கோப்பிக் கடையில் மடிக்கணினியோடு உட்காரவைத்து, வாய் திறக்காமல் பார்த்தேன். கோப்பு சட்டென்று இறங்கியது. திறந்ததும் விண்டோஸின் நீல எச்சரிக்கை வந்தது. வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் மின்கையொப்பம் இல்லாத மென்பொருளுக்கு அது வழக்கம். அவர் உடனே மூடிவிட்டார். அன்றிரவே ரீட்மீயில் அந்த நீலத் திரையின் படத்தையும், அது ஏன் வருகிறது என்பதற்கு இரண்டு வரி விளக்கத்தையும் சேர்த்தேன்.