எபசோட்டே இலை: எப்போது போடுவது, எப்படிப் பத்திரப்படுத்துவது?

மெக்சிகோவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் கறுப்பு பீன்ஸ் வேகும் பானையிலிருந்து எழும் தனி மணத்துக்கு எபசோட்டே என்ற மூலிகைதான் காரணம். இலை நீளமாக, ஓரம் ரம்பம் போல வெட்டுப்பட்டிருக்கும். பச்சையாகக் கசக்கி முகர்ந்தால் மண்ணெண்ணெய் நெடி மூக்கில் ஏறும். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். கொதியில் அந்த நெடி தணிந்து, பயறின் மந்தமான ருசி துலங்கும்.

வாங்கும்போது இளந்தண்டும் சிறு இலையுமாகப் பாருங்கள். பூவும் விதையும் பிடித்த கொத்து வேண்டாம், கசப்பு மிகும். இந்தச் செடியிலுள்ள அஸ்காரிடோல் என்ற நச்சுப்பொருளும் அந்தப் பகுதியில்தான் அதிகம். சமையலுக்குப் போடும் சில இலைகளால் பயமில்லை. ஆனால் இதன் எண்ணெயை உணவில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் குடற்புழு மருந்தாகக் கொடுத்து, அளவு மீறியதால் உயிரிழந்தவர்கள் உண்டு. கர்ப்பிணிகள் இந்த மூலிகையைத் தவிர்ப்பதே நல்லது.

பழகுவதற்கு ஏற்ற சமையல் 'ஃப்ரிஹோலெஸ் தெ லா ஓயா', அதாவது பானையில் வேகவைத்த பீன்ஸ். அரை கிலோ கறுப்பு பீன்ஸைக் கல் பொறுக்கிக் கழுவுங்கள். மண்பானையில் இரண்டு லிட்டர் தண்ணீர், பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு கரண்டி பன்றிக்கொழுப்பு அல்லது எண்ணெயுடன் சேர்த்து ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். பயறின் வயதைப் பொறுத்து ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் ஆகலாம். தண்ணீர் வற்றினால் வெந்நீர் ஊற்றுங்கள்.

விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்த பிறகுதான் உப்பும் எபசோட்டேயும். இரண்டு சிறு கிளைகளைத் தண்டோடு போட்டு, மேலும் 15 நிமிடம் மெல்லிய தீயில் விடுங்கள். தொடக்கத்திலேயே போட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும், கசப்புதான் மிஞ்சும். பரிமாறும் முன் தண்டை எடுத்துவிடலாம். வாயுத் தொல்லை வராமல் இருக்கவே இதைப் போடுகிறோம் என்பார்கள் மெக்சிகோ வீட்டுப் பெண்கள். எனக்கு அந்த ருசி ஒன்றே போதும்.

கை பழகியதும் கேசடியாவுக்குப் போகலாம்: டார்ட்டில்லா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில், நாராக உரியும் வஹாகா சீஸும் இரண்டு பச்சை இலையும் வைத்து மடித்து, 'கோமால்' என்ற தட்டைக்கல்லில் சுட்டால் போதும். தெருவில் விற்கும் 'எஸ்கிடெஸ்' சோளமணிகளை வேகவைக்கும்போதும் இதைப் போடுவார்கள். காளான் வதக்கலுக்கும் பொருந்தும். கிடைக்காவிட்டால் கொத்தமல்லி போடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஏற்கமாட்டேன், இல்லாதபோது இல்லாமலே சமைப்பது மேல்.

வாங்கிய கொத்தைக் கழுவாமல், ஈரம் பிழிந்த துணியில் சுற்றிப் பையிலிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கிட்டத்தட்ட ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உறையவைப்பதே என் தேர்வு. கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, இலைகளைத் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். பயன்படுத்தும்போது உருகவிடாமல் நேராகப் பானையில் போட வேண்டும், உருகினால் குழைந்துவிடும்.

உலர்த்துவதானால் கொத்தைத் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் மணத்தைக் குடித்துவிடும். நொறுங்கும் பதத்தில் இலைகளை முழுசாகவே கண்ணாடிப் புட்டியில் அடைத்து இருட்டான அலமாரியில் வைத்து, போடும்போது மட்டும் கசக்குங்கள். ஒரு பச்சைக் கிளைக்கு ஒரு தேக்கரண்டி உலர் இலை கணக்கு. பீன்ஸுக்கு இது ஓரளவு கைகொடுக்கும், கேசடியாவுக்கு உதவாது. ஆறு மாதம் ஆன புட்டியைத் திறந்து முகருங்கள். நெடி ஏறவில்லை என்றால் கொட்டிவிட்டுப் புதிதாக உலர்த்துங்கள்.