ஒரே கல் அல்ல: கர்லிங் கல்லைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் மட்டும் கர்லிங் விளையாட்டு நம் செய்திகளில் தலைகாட்டும். கைப்பிடி பொருத்திய கனமான கல் ஒன்று, தளத்தில் வரைந்த இலக்கு வட்டத்தை நோக்கிப் பனித்தளத்தில் சறுக்கிச் செல்ல, அதன் முன்னே இருவர் துடைப்பத்தால் தேய்த்தபடி விரையும் காட்சி புதுமையாக இருப்பதால், அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு வரி எழுதப்படுகிறது: "ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் வெட்டியெடுத்த கிரானைட்." இந்த வரியில் பாதிதான் சரி.

கிரானைட் என்றதும் அதைக் கருங்கல் என்று எழுதிவிடுவது முதல் தவறு. அம்மிக்கும் கோயில் தூணுக்கும் சாலை ஜல்லிக்கும் நாம் பொதுவாக வழங்கும் அந்தச் சொல், குறிப்பிட்ட ஒரு பாறையின் பெயரன்று. சமையலறை மேடைக்குப் போடும் கிரானைட் பலகையில் கண்ணுக்குத் தெரியும் பெரிய படிகங்களும் கர்லிங் கல்லில் இல்லை. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் கரையிலுள்ள கிர்வன் ஊரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், கடலிலிருந்து 338 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அய்ல்சா கிரெய்க் என்ற தீவு, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலையின் குழாய்க்குள் இறுகிப்போன பாறைக்குழம்பின் எச்சம். அது ஆழத்தில் மெல்ல ஆறாமல் ஓரளவு விரைவாகக் குளிர்ந்ததால் படிகங்கள் பெரிதாக வளரவில்லை. மிகச் சிறியனவாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. நுண்கிரானைட் என்பதே இதற்குப் பொருத்தமான பெயர்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கர்லிங் கல் ஒரே பாறையில் கடைந்தது என்று கொள்வது. ஆட்டத்தில் அந்தக் கல்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று முரணான குணங்களைக் கேட்பவை. அடிப்பகுதி மணிக்கணக்கில் பனியின்மேல் இருக்கும். அங்கே நுண்துளைகள் இருந்தால் நீர் உள்ளே புகுந்து உறையும்; உறையும் நீர் பருத்து, கல்லின் மேற்பரப்பைத் துகள் துகளாகப் பெயர்த்துவிடும். பக்கவாட்டுக்கு வேறு சோதனை: இன்னொரு கல் வந்து மோதும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சியை விரிசலின்றித் தாங்க வேண்டும். அய்ல்சா கிரெய்க்கில் கிடைக்கும் ப்ளூ ஹோன் என்ற வகை மிக நுண்ணிய மணிகளைக் கொண்டது, நீரை ஏறத்தாழ உறிஞ்சாதது. ஆகவே அது அடிப்பகுதிக்கு உகந்தது. ஹோன் என்றால் சாணைக்கல் என்று பொருள். கல்லின் நுண்மையைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் மோதலில் அது சில்லுச் சில்லாகப் பெயரக்கூடும். அதே தீவின் காமன் கிரீன் என்ற வகையோ மோதலை நன்றாகத் தாங்கும்; ஈரத்துக்கு முன் அவ்வளவு உறுதியானதன்று. இதனால்தான் காமன் கிரீனில் உடலைக் கடைந்து, அதன் அடியில் ப்ளூ ஹோன் வட்டு ஒன்றைக் குழித்துப் பதித்து ஒட்டுகிறார்கள். அய்ல்சர்ட் எனப்படும் இந்த வட்டைக் குறிப்பிடாத விளக்கம், எவ்வளவு நீளமாக இருந்தாலும் அரைகுறைதான்.

கல்லின் அடிப்பகுதி கண்ணாடிபோல் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும் என்று எழுதுவதும் பிழையே. அது உட்குழிந்த பரப்பு. பனியைத் தொடுவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள வளையம் மட்டும். தளமும் வழவழப்பானதன்று. ஆட்டத்துக்கு முன் நீர்த்துளிகளைத் தூவி உறைய விடுவதால் தளமெங்கும் சிறு சிறு புடைப்புகள் எழும். அவற்றின் தலைமேல்தான் அந்த வளையம் ஏறிச் செல்கிறது. வளையத்தை வேண்டுமென்றே சற்றுச் சொரசொரப்பாக்குவதும் உண்டு, ஏனெனில் கல் எவ்வளவு வளைந்து செல்லும் என்பதில் அந்தச் சொரசொரப்புக்குப் பங்கு இருக்கிறது. மோதலை ஏற்கும் இடைப்பட்டையையும் மெருகிடாமல் மங்கலாகவே விடுகிறார்கள்.

அளவுகளில் வரும் குழப்பம் சிறியது, ஆனால் அடிக்கடி நேர்வது. கைப்பிடியையும் திருகாணியையும் சேர்த்துக் கல்லின் எடை 17.24 முதல் 19.96 கிலோ வரை இருக்கலாம். உச்ச வரம்பான 91.4 சென்டிமீட்டர் அதன் சுற்றளவு. அதை விட்டம் என்று எழுதினால் கல் மாட்டுவண்டிச் சக்கரமாகிவிடும். விட்டம் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர்தான்.

தீவில் வெடி வைத்துப் பாறையைத் தகர்ப்பதாகவும், அங்கேயே கல்லைச் செய்வதாகவும் காட்டும் வருணனைகளையும் தவிர்க்க வேண்டும். அய்ல்சா கிரெய்க் இன்று கடற்பறவைகளின் காப்பிடம். கப்பல்கள் வழியே வந்து பெருகியிருந்த எலிகள் 1991-இல் ஒழிக்கப்பட்ட பிறகு, பஃபின் பறவைகள் கூடு கட்டத் திரும்பி வந்த இடம். அங்கே இப்போது வெடி வைப்பதில்லை. ஏற்கெனவே உடைந்து கிடக்கும் பாறைகளையே, பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தைத் தவிர்த்து, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளி வருகிறார்கள். 2013-இல் அப்படிக் கொண்டுவந்தது சுமார் 2,000 டன். அது படகேறி, 1851-இல் தொடங்கிய, கர்லிங் கல் செய்யும் கேஸ் (Kays) நிறுவனத்தின் பட்டறை இருக்கும் மாக்லின் ஊருக்குப் போகிறது. அங்கே பாறையைப் பலகைகளாக அறுத்து, வைரம் பதித்த துளைப்பானால் வட்ட வட்டமாக வெட்டியெடுக்கிறார்கள்; தொழிலாளர்கள் அந்த வட்டத்தைச் 'சீஸ்' என்கிறார்கள், பார்த்தால் பாலாடைக்கட்டி போலத்தான் இருக்கிறது. அதைக் கடைந்து உருவாக்கி, அய்ல்சர்ட்டைப் பதித்து, மெருகேற்றி, நடுவே ஊடுருவும் துளையில் திருகாணியைச் செலுத்திக் கைப்பிடியைப் பொருத்துகிறார்கள்.

உலகின் எல்லாக் கர்லிங் கற்களும் அந்த ஒரே தீவிலிருந்து வந்தவை என்பதும் உண்மையன்று. வேல்ஸில் லின் தீபகற்பத்திலுள்ள ட்ரெவர் கற்சுரங்கமும் நெடுங்காலமாக இதற்குக் கல் தருகிறது. அய்ல்சா அல்லாததெல்லாம் போலி என்று தொனிக்க எழுதுவது, அந்தக் கல்லுக்கும் அதில் ஆடும் கழகங்களுக்கும் செய்யும் அநீதி.

குவார்ட்ஸ் கனிமம் இல்லாததால்தான் இக்கற்கள் உடைவதில்லை என்ற பழைய விளக்கத்தை இன்னும் சிலர் எடுத்தாள்கிறார்கள். அய்ல்சாவின் இரண்டு வகைகள், ட்ரெவரின் இரண்டு வகைகள் ஆகிய நான்கையும் ஆராய்ந்து 2022-இல் வெளியான கனடிய ஆய்வு, அவை அனைத்திலும் குவார்ட்ஸ் இருப்பதைக் காட்டியது. உடைவதே இல்லை என்பதும் மிகை. மோதி மோதி இடைப்பட்டையில் பிறை வடிவ விரிசல்கள் விழத்தான் செய்கின்றன. அவ்வாறு தேய்ந்த கல்லை யாரும் தூக்கி எறிவதில்லை. பட்டறைக்கு அனுப்பி இடைப்பட்டையைச் சீராக்கி, அடியில் புதிய ப்ளூ ஹோன் வட்டைப் பதித்துக்கொள்கிறார்கள். பல பத்தாண்டுகள் ஆடிய கல் அப்படித்தான் மீண்டும் பனித்தளத்துக்குத் திரும்புகிறது.