ஜிபிஏ கணக்கில் எங்கே தவறுகிறோம்?

ஜிபிஏ, அதாவது கிரேடு பாயிண்டுகளின் சராசரி என்பது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்) அதில் வாங்கிய கிரேடு பாயிண்டையும் (கிரேடுக்குரிய எண்) பெருக்கிக் கூட்டினால் மேலே வரும் எண். மொத்த கிரெடிட் கீழே வரும் எண். அவ்வளவுதான். ஆனாலும் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். மேலே இருப்பதில் அநேகமாக யாரும் தவறுவதில்லை. எந்தப் பாடத்தில் என்ன கிரேடு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கீழே எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கிரெடிட்டை விட்டுவிட்டுச் சராசரி போடுவது

நான்கு பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 கிரெடிட் பாடத்தில் கிரேடு பாயிண்ட் 6, 3 கிரெடிட் பாடத்தில் 7, ஒன்றரை கிரெடிட் உள்ள இரண்டு ஆய்வகப் பாடங்களில் தலா 10. நான்கையும் கூட்டி நாலால் வகுத்தால் 8.25 வருகிறது, மாணவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முறையாகப் போட்டால் 24 + 21 + 15 + 15 = 75, மொத்த கிரெடிட் 10, ஆக 7.5. முக்கால் புள்ளி காணாமல் போய்விட்டது. கணினி தப்பாகப் போட்டிருக்கும் என்று அலுவலகத்துக்கு ஓடுபவர்களில் பலர் கையில் வைத்திருப்பது இந்த 8.25தான்.

ஆய்வகப் பாடங்களில் கிரேடு தாராளமாகக் கிடைக்கும், கிரெடிட் குறைவாக இருக்கும். அதனால் இந்தத் தவறு பெரும்பாலும் நமக்குச் சாதகமான பக்கமே சாய்கிறது. சாதகமாக வரும் விடையை யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லையே.

இதே தவறு ஒரு படி மேலே போய் செமஸ்டர்களிலும் நடக்கும். முதல் செமஸ்டரில் 24 கிரெடிட், எஸ்ஜிபிஏ (அந்த ஒரு செமஸ்டரின் ஜிபிஏ) 8. அடுத்ததில் 12 கிரெடிட் மட்டும், எஸ்ஜிபிஏ 9. இரண்டின் சராசரி 8.5 என்று எழுதிவிடுவார்கள். 192ஐயும் 108ஐயும் கூட்டி 36ஆல் வகுத்தால் 8.33. எல்லா செமஸ்டரிலும் கிரெடிட் சமமாக இருந்தால் மட்டுமே நேர் சராசரி சரியாக வரும். புராஜெக்ட் செமஸ்டர், இன்டர்ன்ஷிப் செமஸ்டர் என்று வந்துவிட்டால் அந்தச் சமம் குலைந்துவிடுகிறது.

மார்க்கும் கிரேடும் ஒன்று என நினைப்பது

இந்தியாவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்துத் தந்த 10 புள்ளி முறையில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, பி (ஆங்கில P) என்ற தேர்ச்சி கிரேடு 4, எஃப் என்றால் பூஜ்யம். அமெரிக்காவில் பரவலாக உள்ள முறையில் ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0 என்று இறங்கும். சில இடங்களில் ஏ பிளஸுக்கு 4.3 தருவார்கள், பல இடங்களில் அதற்கும் 4.0தான். எந்த முறையானாலும் மார்க் ஒரு படியில் விழுந்த பிறகு அந்தப் படியின் எண்தான் கணக்குக்குள் போகும். ஒரு படி 81 முதல் 90 வரை என்றால் 81 வாங்கியவருக்கும் 90 வாங்கியவருக்கும் கிரேடு பாயிண்ட் ஒன்றே. 80 வாங்கியவர் ஒரு படி கீழே. எனவே மார்க்கைப் பத்தால் வகுத்து 8.6, 7.9 என்று போட்டுச் சராசரி பார்ப்பது வேறு ஏதோ ஒரு கணக்கு, ஜிபிஏ அல்ல.

இந்தப் படிகள் எங்கே வெட்டப்படுகின்றன என்பதிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, முன்பே அறிவிக்கப்பட்ட மார்க் எல்லை. இன்னொன்று, வகுப்பில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பார்த்து எல்லை போடுவது. இந்த இரண்டாவது முறையில் வகுப்புச் சராசரியும், மார்க்குகள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதும் சேர்ந்து முடிவு செய்யும். கடினமான தாளில் சராசரி 52, திட்ட விலக்கம் (சிதறலின் அளவு) 12 என்றால் 64 வாங்கியவர் வகுப்பில் கணிசமாக மேலே நிற்கிறார். சுலபமான தாளில் சராசரி 80 என்றால் 76 வாங்கியவர் சராசரிக்குக் கீழே. முதலாமவருக்கு மேல் கிரேடும் இரண்டாமவருக்கு அதைவிடக் குறைந்த கிரேடும் வருவதில் அநியாயம் ஒன்றுமில்லை, முறையே அப்படித்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள வகுப்பில் இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவது எனக்கு ஒப்பாத விஷயம். அத்தனை சிறிய கூட்டத்தில் இரண்டு பேர் நன்றாக எழுதினாலே எல்லை நகர்ந்துவிடும்.

பல்கலைக்கழகமே எல்லை போட்டதும் உண்டு. இளநிலைப் பாடங்களில் ஏ வரிசை கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல் ஒரு கொள்கை கொண்டுவந்து, 2014இல் அதைக் கைவிட்டது. அந்தப் பத்து வருடத்தில் படித்தவரின் 3.5ஐயும் வேறொரு கல்லூரியில் தாராளமாகக் கிடைத்த 3.5ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என்ன தெரியப்போகிறது?

அரியர், மறுபடி எழுதுவது, டபிள்யூ, ஐ

குழப்பத்தின் தாய்வீடு இதுதான்.

முதலில் ஒரு விசித்திரம். பல பல்கலைக்கழகங்களில் தேர்ச்சி பெற்ற பாடங்களை மட்டும் வைத்து செமஸ்டர் ஜிபிஏ போடுவார்கள். ஒருவர் 20 கிரெடிட் அளவுக்குத் தேர்ச்சி, மேலே 160 புள்ளி, ஆக 8.0. ஒரு 4 கிரெடிட் பாடம் போய்விட்டது, அது கணக்கிலேயே இல்லை. அடுத்த முறை அந்த அரியரை 5 புள்ளியில் தாண்டுகிறார். இப்போது 180ஐ 24ஆல் வகுக்க வேண்டும், 7.5. அரியரை முடித்தால் ஜிபிஏ குறைகிறது! இதைப் பார்த்துப் பதறுபவர்கள், முன்பு இருந்த 8.0 பாதிக் கணக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். எஃப்பைப் பூஜ்யமாகச் சேர்க்கும் பல்கலைக்கழகத்தில் அவருடைய நிலை அன்றைக்கே 160ஐ 24ஆல் வகுத்த 6.67 ஆக இருந்திருக்கும். எனவே அரியர் உள்ளவரின் ஜிபிஏவைக் கேட்டால் 'எத்தனை கிரெடிட்டுக்கு' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாடத்தை மறுபடி படித்தால் பழைய கிரேடு மறைந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. சில இடங்களில் புது கிரேடு பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். சில இடங்களில் இரண்டும் நிற்கும். 60 கிரெடிட் 7.5 சராசரியில் இருக்கும் ஒருவர், ஒரு 3 கிரெடிட் பாடத்தில் எஃப் வாங்கி, மறுமுறை 8 வாங்குகிறார். முதல் வகையில் 474ஐ 63ஆல் வகுத்து 7.52. இரண்டாம் வகையில் கீழே 66, ஆகவே 7.18. ஒரே மாணவர், ஒரே உழைப்பு, வித்தியாசம் விதிமுறைப் புத்தகத்தின் ஒரு வரியில். முதல் வகையிலும்கூட டிரான்ஸ்கிரிப்டில் (முழுப் படிப்பின் கிரேடு பட்டியலில்) பழைய எஃப் அப்படியே அச்சாகி நிற்கும் வாய்ப்பு உண்டு. ஜிபிஏவில் இல்லை என்பதற்காக யார் கண்ணிலும் படாது என்று நினைக்க வேண்டாம்.

பாதியில் விலகினால் விழும் டபிள்யூ பெரும்பாலும் மேலேயும் சேராது, கீழேயும் சேராது. ஆனால் உதவித்தொகை தருபவர்கள் எடுத்த கிரெடிட்டில் எத்தனையை முடித்தார் என்று தனியாகப் பார்ப்பது வழக்கம். அங்கே டபிள்யூ கடிக்கும். ஐ, அதாவது வேலை இன்னும் முடியவில்லை என்ற குறி, இன்னும் ஆபத்தானது. கெடு தாண்டினால் பல இடங்களில் தானாகவே எஃப் ஆகிவிடும். பாஸ், ஃபெயில் என்று மட்டும் எடுக்கும் பாடங்களில் பாஸ் ஆனால் பட்டத்துக்கான கிரெடிட் சேரும், ஜிபிஏவைத் தொடாது. ஃபெயில் ஆனால் சில இடங்களில் பூஜ்யமாகக் கணக்கில் நுழைந்துவிடும், அதைச் சேர்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. வேறு கல்லூரியிலிருந்து மாற்றிக்கொண்டு வரும் கிரெடிட்டும் பொதுவாக இதே மாதிரிதான். கிரெடிட் வரும், கிரேடு வராது. அங்கே உழைத்து வாங்கிய ஏக்கள் இங்கே ஜிபிஏவை உயர்த்தாது.

'கடைசி வருஷம் ஏத்திடலாம்'

160 கிரெடிட் படிப்பில் 120 முடிந்துவிட்டது, சிஜிபிஏ (இதுவரை முடித்த எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த ஜிபிஏ) 6.8. பட்டத்தின்போது 7.5 வேண்டும். தேவையான மொத்தப் புள்ளி 1200, கையில் 816. மீதி 384ஐ மிச்சமுள்ள 40 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், அதாவது 9.6 சராசரி. கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் உச்ச கிரேடு. இதே மாணவர் 40 கிரெடிட் முடிந்த முதல் வருடக் கடைசியிலேயே விழித்திருந்தால்? மீதி 120 கிரெடிட்டில் 7.73 எடுத்தால் போதும். கீழே உள்ள எண் பெருக்கப் பெருக்க சிஜிபிஏ மேலே போகவும் மறுக்கும், கீழே இறங்கவும் மறுக்கும். நல்லபடியாக ஆரம்பித்தவருக்கு அதுவே பாதுகாப்பு.

பிரிட்டனில் நிலைமை சற்று வேறு. அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதல் வருட மார்க் பட்ட வகுப்பைத் தீர்மானிப்பதில் சேராது, கடைசி வருடத்துக்கு எடை அதிகம். அங்கே 'கடைசி வருஷம்' நம்பிக்கைக்கு ஓரளவு அர்த்தம் இருக்கிறது.

தசமத்தில் விளையாடுவது

7.446 என்ற எண்ணை இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 7.45. அதை மறுபடி ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 7.5. நேரடியாக ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 7.4. ஒவ்வொரு படியிலும் முழுமையாக்கிக்கொண்டே போனால் இப்படித்தான் இல்லாத புள்ளி முளைக்கும். கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்க வேண்டும், அதுவும் பல்கலைக்கழகம் சொல்லும் விதத்தில். சில இடங்களில் முழுமையாக்கவே மாட்டார்கள், வெட்டிவிடுவார்கள்.

மாற்றுக் கணக்கு

இந்தியாவில் எங்கிருந்தோ 9.5 என்ற எண் எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு சிஜிபிஏவைச் சதவீதமாக்கத் தந்த பெருக்கல் எண். பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ வெளியிட்ட அட்டவணையில் 6.25 என்றால் 55 சதவீதம், 6.75 என்றால் 60, 7.25 என்றால் 65. அதன்படி 7.5க்கு 67.5 வரும். 9.5ஆல் பெருக்கினால் 71.25. வெறும் பத்தால் பெருக்கினால் 75. தகுதிக்கு 70 என்று எல்லை வைத்திருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் விண்ணப்பத்தையே தள்ளிவிடும்.

10 புள்ளியை 4 புள்ளியாக்க 0.4ஆல் பெருக்குவதும் அதே ரகம். 10இல் 4 தேர்ச்சி என்ற முறையில் தேர்ச்சி எல்லை 1.6 ஆக மாறும். அமெரிக்க முறையில் பொதுவாகக் கடைசித் தேர்ச்சி கிரேடான டி 1.0. இரண்டு அளவுகோலின் அடிப்பக்கமே பொருந்தாதபோது நடுவில் உள்ள எண்கள் எப்படிப் பொருந்தும்? அதனால்தான் வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனங்கள் பாடம் பாடமாகப் பிரித்து மாற்றுகின்றன.

ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ். 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. அங்கே பரவலாகப் பயன்படும் திருத்திய பவேரிய சூத்திரம் இது: உச்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். சிஜிபிஏ 8, தேர்ச்சி 4 என்றால் 2.0 வரும். தேர்ச்சி 5 என்றால் 2.2. பலர் உச்சத்தைச் சரியாக எழுதிவிட்டு, தேர்ச்சி எண்ணை யாரோ சொன்னதை நம்பிப் போடுகிறார்கள். தன் கிரேடு ஷீட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் அது அச்சாகியிருக்கும். கிரெடிட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் ஒரு முழு வருடத்துக்கு 60, அமெரிக்காவில் பொதுவாக 30.

விண்ணப்பப் படிவம் சதவீதம் கேட்டால், உங்கள் பல்கலைக்கழகம் சூத்திரம் வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் சிஜிபிஏவை எத்தனைக்கு எத்தனை என்று அப்படியே எழுதி, மாற்றும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.