கம்பளிக்குள் பனிக்கட்டி: அறிவியல் வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு பனிக்கட்டியைக் கம்பளித் துணியில் சுற்றி வையுங்கள். அதே அளவுள்ள இன்னொன்றைச் சுற்றாமல் வையுங்கள். எது முதலில் உருகும்? எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளில் பலர், "கம்பளியில இருக்கறதுதான், கம்பளி சூடா இருக்குமே" என்பார்கள். யோசிக்க வைக்க அருமையான பிரச்சினை இது. ஆனால் இதைக் கெடுப்பதும் சுலபம்.

பெரிய தவறு, பாடத்தை முடித்துவிட்டுப் பிரச்சினையைக் கொடுப்பது. "கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது" என்று பலகையில் எழுதிய பிறகு பனிக்கட்டியைக் காட்டினால், யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது? பிரச்சினை முதலில் வரட்டும். குழந்தை தன் கணிப்பைக் காரணத்தோடு எழுதட்டும். கணிப்பு தவறாக இருந்தால் இன்னும் நல்லது. சுற்றாத கட்டி கரைந்த பிறகும் கம்பளிக்குள் பனிக்கட்டி மிஞ்சியிருப்பதைப் பார்த்ததும், 'அப்படியென்றால் கம்பளி சூடு தருவதில்லையா?' என்ற கேள்வி அந்தக் குழந்தைக்கே எழும். வெளிச்சூடு உள்ளே போவதைக் கம்பளி தாமதப்படுத்துகிறது என்ற விளக்கம் அப்போதுதான் மனதில் பதியும்.

அப்புறம், நம் அவசரம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 விநாடிதான். 3 விநாடியாவது காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத குழந்தைகளும் பேசினார்கள். வகுப்பில் அந்த அமைதி சங்கடமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடுவது. இப்படிப் பிரச்சினையை முதலில் கொடுத்து, அதன் வழியே பாடத்தைக் கற்க வைக்கும் முறைக்குப் 'பிரச்சினை வழிக் கற்றல்' என்று பெயர். அது 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பில் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் பெரியவர்கள். அவர்களுக்கும் குழுவுக்கு ஒரு வழிகாட்டி இருந்தார். சிறு குழந்தைகளுக்குத் துணை இன்னும் அதிகம் வேண்டும். விடையைச் சொல்லாமல், "இரண்டு கட்டியும் ஒரே அளவா? ஒன்று மட்டும் வெயிலில் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

மதிப்பெண் விஷயம்: முடிவுக்கு மட்டும் கொடுத்தால், அடுத்த முறை எல்லோரும் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். தவறான முதல் கணிப்பை ரப்பரால் அழிக்க விடாதீர்கள். அதன் கீழேயே, எதைப் பார்த்து மனம் மாறியது என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அந்த வரிக்கு மதிப்பெண் போடுங்கள்.