மாற்றம் பேசும் வேட்பாளருக்காகத் தெருவில் இறங்குகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகள் இவை

2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், எங்கள் வார்டில் நின்ற ஒரு சுயேச்சைக்காக இருபது பேர் வேலை பார்த்தோம். நல்ல மனிதர், யாரிடமும் கை நீட்டாதவர். ‘இந்த முறை மாற்றம்தான்’ என்று ஊரே பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். டெபாசிட் போய்விட்டது. அப்புறம் 2024 மக்களவைத் தேர்தலில் பூத் ஏஜென்டாக, அதாவது வேட்பாளர் சார்பில் வாக்குச்சாவடிக்குள், உட்கார்ந்து பார்த்தபோதுதான், எங்கெங்கே கோட்டை விட்டோம் என்பது உறைத்தது. அடுத்து யாராவது இப்படி இறங்குவதாக இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தவறு, ஆதரவாளர்களை எண்ணிவிட்டு ஓட்டை எண்ணியதாக நினைத்தது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் 380 பேர் இருந்தார்கள். ஒரு நாள் யாரோ சொன்னார்களே என்று வாக்காளர் பட்டியலை அச்செடுத்து ஒப்பிட்டால், எங்கள் வார்டில் ஓட்டு உள்ளவர்கள் 57 பேர். மற்றவர்கள் சென்னையில், பெங்களூரில், துபாயில். தினமும் காலையில் வணக்கம் போட்டு, வேட்பாளர் படத்துக்குக் கைதட்டி உற்சாகப்படுத்திய பலருக்கு அந்த ஊரில் ஓட்டே கிடையாது. அந்த 57 பேரிலும் சிலர் வீடு மாறி வேறு வார்டுக்குப் போயிருந்தார்கள்.

மதிப்பு வேறு, ஓட்டு வேறு. மணிப்பூரில் ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்த இரோம் ஷர்மிளா, 2017 சட்டமன்றத் தேர்தலில் தௌபால் தொகுதியில் நின்றார். அவரைத் தெரியாதவர் அந்த மாநிலத்தில் இருக்க முடியாது. கிடைத்தது 90 ஓட்டு. நோட்டாவுக்கு அதைவிட அதிகம் விழுந்தது.

எனவே முதலில் வாக்காளர் பட்டியல், அப்புறம்தான் நோட்டீஸ். தெருவாரியாகப் பிரித்து, வீடு வீடாகப் போய், பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும்: நமக்குப் போடுவார், போடமாட்டார், இன்னும் முடிவெடுக்கவில்லை, ஊரில் இல்லை. சலிப்பான வேலைதான். இதைச் செய்ய எங்களில் மூன்று பேர்தான் முன்வந்தார்கள். ரீல்ஸ் எடுக்கப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

சின்னத்தை நாங்கள் கவனிக்கவே இல்லை. கட்சி வேட்பாளருக்குச் சின்னம் தாத்தா காலத்திலிருந்து சுவரில் இருக்கிறது. சுயேச்சைக்கு, வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் வரும். 2022-ல் வாபஸுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 7, வாக்குப்பதிவு 19, பிரசாரம் 17-ம் தேதி மாலையோடு முடிந்துவிடும். ஆக பத்தே நாள். எங்களுக்குத் திருகு ஆணி கிடைத்தது. மாதக்கணக்கில் வேட்பாளரின் முகத்தையே காட்டிக்கொண்டிருந்த நாங்கள், சின்னத்தின் பெயரை மட்டும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனோம். நாலாம் நாள் ஒரு பாட்டி கூப்பிட்டு, “திருகாணின்னு சொல்றீங்களே தம்பி, தோடு படம் போட்டிருக்குமா?” என்று கேட்டார். அவருக்குத் திருகாணி என்றால் தோட்டுக்குப் பின்னால் போடுவது. மெஷினில் தோட்டைத் தேடியிருப்பார். அன்று மாலையே மாதிரி ஓட்டு மெஷின் படத்தை அட்டையில் ஒட்டி, எத்தனையாவது வரிசையில் எப்படித் தெரியும் என்று கையில் கொடுத்துக் காட்ட ஆரம்பித்தோம். நாலு நாள் வீணானது வீணானதுதான்.

‘மாற்றம்’ என்று மட்டும் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் முதல் நோட்டீஸில் ஊழலற்ற நிர்வாகம், டாஸ்மாக் மூடல், நீட் ரத்து மூன்றும் இருந்தன. குழாயடியில் ஒரு அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, “இதெல்லாம் கவுன்சிலர் செய்வாரா? எங்க தெருவுக்கு ரெண்டு நாளைக்கு ஒருதடவைதான் தண்ணி வருது, அதைப் பத்தி ஒரு வரி இல்லையே” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கவுன்சிலரால் ஆகக்கூடியது தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர்க் குழாய். எம்.எல்.ஏ. என்றால் வேறு, எம்.பி. என்றால் வேறு. நிற்கிற பதவிக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்துகொண்டு வாக்குறுதி எழுதுங்கள். வேட்பாளர் அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்தால், முதலில் தடுக்க வேண்டியது அவரை ஆதரிக்கிற நாம்தான். எங்களுக்கு அந்தத் துணிவு வரவில்லை. தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டோம். மற்ற கட்சிக்காரர்களை எதைச் சொல்லிக் கிண்டல் செய்தோமோ, அதே வேலை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுக்குப் பணம் நம் ஊரில் ரகசியமில்லை. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் 2017 ஏப்ரலிலும், வேலூர் மக்களவைத் தேர்தல் 2019-லும் பணத்தால்தான் ரத்தாயின. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அதற்காக வாசலில் நின்று ‘ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் விலைபோய்விட்டீர்களே’ என்று பாடம் எடுத்தால், எதிரில் நிற்பவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். எங்கள் பையன் ஒருவன் அப்படிப் பேசினான். அந்தத் தெருவில் அதன்பின் யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. பணம் பட்டுவாடா கண்ணில் பட்டால் புகார் கொடுங்கள். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அதற்கு சி-விஜில் செயலி இருக்கிறது. வாக்காளரிடம் சொல்ல வேண்டியது, யாருக்குப் போட்டோம் என்பது எவருக்கும் தெரியாது என்பது மட்டும்தான். வாங்கிய காசுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்று மனதாரப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

வெளியூர் நண்பர்களை வண்டி வண்டியாக இறக்குவதும் கைகொடுக்காது. 2004-ல் அமெரிக்காவில் டெமாக்ரடிக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீனுக்கு, நாடெங்கிலுமிருந்து தொண்டர்கள் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு அயோவா மாநிலத்துக்குப் போய் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். இணையத்தில் அன்றைக்கு அவருக்கு இருந்த மவுசு அவ்வளவு. முடிவில் அங்கே மூன்றாம் இடம். தோல்விக்கு அது ஒன்றே காரணமில்லை. ஆனாலும் நம் தெருவில் முகம் தெரியாதவர் வந்து நமக்கு அரசியல் சொன்னால் நாம் எப்படிக் கேட்போம் என்று யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர்களிடம் துண்டறிக்கை மடிப்பது, கணக்கு எழுதுவது, சாப்பாடு வாங்கி வருவது போன்ற வேலைகளைக் கொடுங்கள். கதவைத் தட்டுவது அதே தெருக்காரராக இருக்கட்டும்.

ஆர்வத்தில் சொந்தக் காசைப் போட்டு பேனர் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வது குற்றம். நீங்கள் அச்சடிக்கும் நோட்டீஸில் அச்சகத்தார், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தில் ஒரு வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய்தான் செலவு வரம்பு. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். உங்கள் அன்பளிப்பு அவர் கணக்கில் சேர்ந்து அவருக்கே தலைவலியாகும்.

இருப்பதிலேயே பெரிய தவறு வாக்குப்பதிவு நாளில்தான். எங்கள் வார்டில் நாலு பூத். ஏஜென்ட் உட்கார ஆள் கிடைத்தது இரண்டுக்குத்தான். மற்றவர்கள் வெளியே ‘களத்தில்’ நின்றார்கள். சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கவே கூடாது என்பதால் அங்கே அவர்களுக்கு வேலையே இல்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் ஏஜென்டுக்குப் படிவம் 10-ல் நியமனக் கடிதம் வேண்டும். ஓட்டுப்பதிவு 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கே தொடங்கிவிடும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டி, அழித்து, சீல் வைப்பார்கள். அப்போது உங்கள் ஆள் அங்கே இருக்க வேண்டும். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்ற 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. வாக்கு எண்ணும் நாளில் அந்தத் தொகையும் மெஷின் காட்டும் தொகையும் பொருந்துகிறதா என்று பார்க்க அதுதான் கையில் இருக்கும் தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, பென்சிலில் ‘போடுவார்’ என்று குறித்தவர்களில் யார் இன்னும் வரவில்லை என்பதையும் உள்ளே இருக்கிறவரால்தான் கணிக்க முடியும்.

ஒரு பூத்தில் நாலைந்து பேர் வராமல் போனால் என்ன என்று தோன்றும். 2021-ல் கோவை தெற்கில் கமல்ஹாசன் தோற்றது 1,728 ஓட்டில். பூத் வாரியாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பத்துக்கும் கீழே.

முடிவு வந்த 22-ம் தேதி மாலையே குரூப்பிலிருந்து ஆட்கள் கழன்றுகொள்ளத் தொடங்கினார்கள். இரவுக்குள் பாதிப் பேர் இல்லை. ‘இந்த மக்கள் திருந்தமாட்டார்கள்’ என்பது கடைசியாக வந்த செய்திகளில் ஒன்று. எழுதியவர் ஓட்டு வேறு ஊரில் இருக்கிறது. பென்சிலில் குறித்த அந்தப் பட்டியல் மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. அதில் பலர் வீடு மாறியாகிவிட்டது, அவர்களுக்குப் படிவம் 8. பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. இப்போது ஜனவரி 1 மட்டுமில்லை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ம் தேதிகளையும் பதினெட்டு முடிந்ததா என்று பார்க்கும் தகுதி நாளாக எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் இன்னும் இரண்டு பேரும் தெருத் தெருவாகப் போய் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோடு கேட்ட பாட்டியின் பேத்திக்குப் போன மாதம் படிவம் எழுதிக் கொடுத்தேன்.