விண்வெளித் தொடரில் தூரத்தைக் காட்டுவது எப்படி: ஒரு எடிட்டர் சொல்வது

விண்வெளிக் கதையோடு வருகிறவர்கள் முதலில் கிராஃபிக்ஸைப் பற்றித்தான் பேசுவார்கள். நெபுலா, சனி வளையம், கண்ணைப் பறிக்கும் நட்சத்திரக் கூட்டம். நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கப்பலிலிருந்து ஒரு வார்த்தை பூமிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம்? அது தெரியாமல் வசனம் எழுத உட்காராதீர்கள்.

கணக்கு சுலபம். ரேடியோ அலை நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. போகும். நிலாவுக்கு 1.3 நொடி. செவ்வாய்க்கு, இரு கோள்களும் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். பதில் வர இரட்டிப்பு.

இனி கட், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம். செவ்வாயில் இருப்பவள் "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டு அனுப்புகிறாள். தூரம் 20 கோடி கி.மீ. என்று வைத்துக்கொள்வோம், போக 11 நிமிடம், வர 11. நீங்கள் உடனே பூமியில் இருக்கும் அண்ணன் முகத்துக்குக் கட் செய்தால், பார்ப்பவரும் ஒரே ஃபிரேமில் அங்கே போய்விடுவார். அப்புறம் எங்கே இருக்கிறது தூரம்? பூமியைக் காட்டவே காட்டாதீர்கள். அவளோடேயே இருங்கள். சாப்பிடட்டும், எதையாவது துடைக்கட்டும். 22 நிமிடத்தையும் ஓட்ட வேண்டாம். கட் எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும், தட்டில் சாப்பாடு குறைந்திருந்தால் போதும். நடுவில் அண்ணன் குரல் வரட்டும், ஆனால் அவள் முன்னால் கேட்ட வேறொன்றுக்குப் பதிலாக.

வழியில் ஆள் நடமாட்டத்தைக் குறையுங்கள். 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரில் கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொள்கிறது, திரும்ப 75 ஆண்டு ஆகும். அருமையான தொடக்கம். ஆனால் வாராவாரம் புதிதாக யாராவது எதிர்ப்பட்டால் அது பக்கத்துத் தெரு ஆகிவிடுகிறது. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடர், பேரழிவுக்குப் பின் எஞ்சிய மனிதர்களின் எண்ணிக்கையைப் பலகையில் எழுதியே அதைவிட அதிகம் சாதித்தது. '33' என்ற எபிசோடின் முடிவில் ஒரு குழந்தை பிறக்க, அந்த எண்ணில் ஒன்று கூடுகிறது.

சிறுகோள் பட்டையில் பாறைகளுக்கு நடுவே வளைந்து ஓட்டாதீர்கள். அங்கே பாறைக்குப் பாறை லட்சக்கணக்கான கி.மீ. இடைவெளி.

கடைசியாக ஒலி. வெளியே காற்றில்லை, அதனால் சத்தமுமில்லை. உள்ளே விசிறி இரைச்சல் ஓயாமல் இருக்க வேண்டும். எடையில்லாத இடத்தில் சூடான காற்று தானாக மேலே போகாது. விசிறி நின்றால் தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கும். முதல் எபிசோடிலேயே இதை யாராவது ஒருவர் வாயால் சொல்ல வையுங்கள். பிறகு விசிறி நிற்கும் காட்சியில் இசையமைப்பாளர் வயலின் போடலாமா என்று கேட்பார். சம்மதிக்காதீர்கள்.