சத்தப் பலகை: கண் தெரியாத குழந்தைக்கு வீட்டிலேயே செய்துகொடுக்கலாம்

பாப்பாவுக்கு ஒன்றரை வயதானபோது ஆஸ்பத்திரியில் ஓடி (ஆக்குபேஷனல் தெரபி) தெரபிஸ்ட் எங்களை ஒரு ரெசனன்ஸ் போர்டு செய்யச் சொன்னார், பிள்ளை மேலே படுத்து அசைந்தால் சத்தம் கொடுக்கிற மரப்பலகை. வாசலில் மலாயில் 'பெமுலிஹான் ச்சாராகெர்ஜா' என்று எழுதியிருக்குமே, அந்த அறையில். "பிளைவுட்தான், ரெண்டு மணி நேர வேலை" என்றார். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு ஆகாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு. எங்கள் வீட்டில் அதற்குச் சத்தப் பலகை என்று பேர். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஓடி என்றால் என்ன, ஓகேயு அட்டை (மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அட்டை) எப்படி எடுப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இதைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்றால் அந்த வரிசையில் எல்லாம் ஏற்கெனவே நின்றிருப்பீர்கள்.

பாப்பா 27 வாரத்தில் பிறந்தவள். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் ஆர்ஓபி. ஜன்னல் எந்தப் பக்கம் என்பது தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஒன்றரை வயதிலும் மல்லாந்து படுத்தபடியே இருந்தாள். எதற்கும் கை நீட்ட மாட்டாள். கண்ணைக் கையால் அழுத்திக்கொண்டே இருப்பாள்.

கண் தெரியும் குழந்தை நாலைந்து மாதத்தில் பொருளைப் பார்த்துக் கை நீட்டும். கண் தெரியாத குழந்தை சத்தத்தைக் கேட்டுக் கை நீட்டப் பத்து மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். சத்தம் வருகிற இடத்தில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் இருக்கிறது என்பதே அதற்கு அதுவரை தெரியாது. மெத்தையில் படுக்க வைத்தால் இன்னும் மோசம். கை பட்ட கிலுகிலுப்பை சத்தமில்லாமல் உருண்டு போய்விடும். அவ்வளவுதான், பாப்பாவைப் பொறுத்தவரை அது உலகத்திலேயே இல்லை.

பலகையில் அப்படி எதுவும் காணாமல் போகாது. மெல்லிய பலகை, அடியில் கொஞ்சம் காற்று. குதிகால் உரசினாலும் சத்தம் வரும், அதிர்வு முதுகுக்கே வந்து சேரும். இதை உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன். அவர் கூடப்பிறந்தவர்களிலேயே சிலருக்குக் கண் தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கண் தெரியாத குழந்தைகளோடு வேலை செய்தவர், 2013ல் மறைந்தார்.

<b>வாங்க வேண்டியவை</b>

4 மில்லிமீட்டர் பிளைவுட். இதில் பேரம் கிடையாது. ஹார்ட்வேர் கடைக்காரர் "புள்ள ஏறி விளையாடும்னா 12 எடுத்துக்கங்க, லாஸ்டிங்கா இருக்கும்" என்பார். எங்களிடமும் சொன்னார், நாங்களும் வாங்கினோம். தட்டினால் மேசையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அந்தப் பலகை இப்போது செருப்பு அடுக்கும் தட்டு.

முழுத் தாள் 8 அடிக்கு 4 அடி இருக்கும். கடையிலேயே நடுவில் அறுத்து வாங்கினால் 4 அடிச் சதுரமாக இரண்டு கிடைக்கும். ஒன்று உங்களுக்கு, மற்றொன்றை தெரபி வகுப்பில் யாருக்காவது கொடுங்கள். மைவி மாதிரிச் சின்னக் காரில் நுழையாது, முயற்சி செய்ய வேண்டாம்.

அப்புறம் 2 சென்டிமீட்டர் சதுரத்தில் மரச்சட்டம், நான்கு பக்கத்துக்கும் வருகிற நீளம். வெள்ளை மரப்பசை. உப்புத்தாள் 120, 240 இரண்டும். தண்ணீர் கலக்கிற வகை வார்னிஷ்.

<b>செய்வது</b>

பிளைவுட்டின் நான்கு மூலைகளையும் வட்டமாகத் தேயுங்கள். மேல்பக்கத்தை முதலில் 120ல், பிறகு 240ல். கையால் தடவிப் பார்த்து நம்பாதீர்கள், நம் கை காய்த்த கை. பழைய ஷிபான் துப்பட்டா ஒன்றைப் பலகைமேல் இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது.

பலகையைக் கவிழ்த்து, விளிம்பை ஒட்டி நான்கு சட்டங்களையும் பசை போட்டு ஒட்டுங்கள். ஆணி வேண்டாம், 4 மில்லிமீட்டரில் ஆணித் தலை எப்படியும் மேலே தெரியும். பாரத்துக்கு அரிசி மூட்டை வைத்து ஒரு ராத்திரி விட்டால் போதும்.

இந்த இடத்தில்தான் நாங்கள் சறுக்கினோம்.

என் மாமனார் பட்டர்வொர்த்தில் முப்பது வருஷம் மர வேலை செய்தவர். 4 மில்லிமீட்டர் பலகையைப் பார்த்ததுமே அவருக்கு மனசு ஒப்பவில்லை. நாங்கள் தூங்கிய பிறகு அடியில் குறுக்காக ஒரு சட்டம் கொடுத்து, பசையும் போட்டு, இரண்டு திருகாணியும் இறக்கிவிட்டார். காலையில் பலகை கல் மாதிரி இருந்தது. மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை. பாப்பாவைப் படுக்க வைத்தோம், டம்ளர், கரண்டி எல்லாம் வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு, இது நம் பிள்ளைக்கு ஒத்துவராது என்று நானே முடிவு செய்து சுவரில் சாய்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் உறுமி மேளம் வாசிக்கிற கோஷ்டியில் இருக்கிறவன், எதைக் கண்டாலும் தட்டாமல் விட மாட்டான். பலகையைத் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், திருப்பிப் பார்த்தான்.

"ஏம்ப்பா, மேளத் தோலுக்கு நடுவுல கட்டையக் குடுத்தா அது பேசுமா?"

மாமா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் திருப்புளி எடுத்துவந்தார். பசை விடாததால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டியிருந்தது. அந்தக் குறுக்குச் சட்டம் இப்போது பால்கனியில் துணிக்கொடியாக இருக்கிறது.

ஆகவே, நடுவில் எதுவும் கூடாது. சட்டம் கூடாது, ரப்பர் கூடாது, பலகைக்கும் தரைக்கும் நடுவே பஸில் மேட்டும் (பிள்ளைகள் விளையாட விரிக்கிற மெத்தென்ற விரிப்பு) கூடாது. நடுப்பகுதி அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். பிள்ளையைப் படுக்கவைத்தால் லேசாகத் தொய்யும், பயப்படாதீர்கள், அதற்குத்தான் 2 சென்டிமீட்டர். பலகை தரையைத் தொடுகிற அளவுக்கு வளைந்தால் மட்டும் சட்டத்தை உயர்த்துங்கள். தட்டிப் பார்த்தால் விளிம்பைவிட நடுவில் சத்தம் கனமாக வர வேண்டும். வந்தால் சரி.

வார்னிஷ் இரண்டு பூச்சு. பிள்ளை எச்சில் விடும், நக்கும், ஆகவே வாசனை முழுக்கப் போகும்வரை பலகையில் விடாதீர்கள். நாங்கள் அக்டோபர் மழையில் செய்ததால் இரண்டு வாரம் காத்திருந்தோம்.

<b>பலகைமேல் என்ன வைப்பது</b>

கடையில் விற்கும் பாட்டுப் பாடுகிற பிளாஸ்டிக் பொம்மை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பட்டனை எங்கே எப்படி அமுக்கினாலும் அதே பாட்டுதான் வரும். கை செய்ததுக்கும் காது கேட்டதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதன் வயிற்றில் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சமையலறைக்குப் போங்கள். எவர்சில்வர் டம்ளர், குழிக்கரண்டி, சுத்தமாகச் செதுக்கிய சிரட்டை, இடியாப்பம் பிழிகிற மூங்கில் தட்டு, டிங்காட்டின் (அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர்) ஒரு அடுக்கு, பெரிய சாவிக்கொத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிர்ச்சி, ஒரு கனம், ஒரு சத்தம். பாப்பாவுக்கு முதலில் பிடித்தது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பிரம்புக்கூடைதான், நகத்தால் கீறினால் கரகரவென்று வரும்.

டாய்லெட் ரோல் நடுவில் இருக்குமே அட்டைக்குழாய், அதற்குள் நுழைகிற எந்தப் பொருளும் கூடாது, தொண்டையில் போகும். கயிறு கட்டித் தொங்கவிட்டால் பக்கத்திலேயே இருங்கள்.

ஐந்தாறு பொருள் போதும். தினமும் அதே பொருள், அதே இடம். டம்ளர் வலது கைப் பக்கம் என்றால் என்றைக்கும் வலது கைப் பக்கம்தான். மாற்றுவதென்றால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாம் நாற்காலியை நகர்த்தினால் கண்ணால் பார்த்துக்கொள்வோம், அவர்களுக்கு வீடே இடம் மாறிய மாதிரி.

<b>படுக்க வைத்த பிறகு</b>

முதல் நாள் நீங்களும் பலகையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, நகத்தால் லேசாகத் தட்டுங்கள். மிரண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாள் கால் மட்டும் பலகையில், உடம்பு பாயில். காலில் சாக்ஸ் வேண்டாம். ஐந்து நிமிஷம் போதும்.

பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பலகை செய்ததைவிட எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு மத்தியானம் பாப்பாவின் கை டம்ளரில் பட்டது. டங் என்றது. அவள் அப்படியே அசையாமல் கிடந்தாள், மூச்சுகூட விடாத மாதிரி. நான் "ஐ! டம்ளரா! கெட்டிக்காரி!" என்று கையைத் தட்டினேன். கையை இழுத்துக்கொண்டு கண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டாள். இதே மாதிரி எத்தனை தடவை செய்திருக்கிறேனோ தெரியாது. பிள்ளைக்குச் சலித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த முறை போனபோது தெரபிஸ்ட் விளக்கினார். கண் தெரியாத பிள்ளை அசையாமல் இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகத்தில் ஒன்றும் தெரியாது. விரலைப் பாருங்கள்.

அப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தேன். டங். அசையாமல் கிடப்பாள். பிறகு சுண்டுவிரல் மட்டும் ஒரு அங்குலம் நகரும். திரும்பவும் டங். நாலு நிமிஷத்துக்கு ஒரு டங் என்றால் நமக்குப் பொறுமை போய்விடும், அவளுக்கு அது வேலை. விளையாட்டு ஓய்ந்து அவளே நம் பக்கம் திரும்பும்போது பேசுங்கள், "டம்ளரத் தட்டினியா" என்று ஒரு வார்த்தை.

கையைப் பிடித்து வைத்துத் தொடச் சொல்லாதீர்கள். கண் தெரியாத பிள்ளைக்குக் கைதான் கண். ஆளாளுக்குப் பிடித்து இழுத்தால் கையை மடக்கிக்கொள்ளும். காட்டியே ஆக வேண்டுமென்றால் உங்கள் கையால் பொருளைப் பிடியுங்கள், பிள்ளை கை உங்கள் கைமேல் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

அத்தைக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. பேத்தி கை பக்கத்தில் இருந்தால் பிடிக்காமல் இருக்க மாட்டார். கடைசியில் நெத்திலியும் முறமும் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நெத்திலித் தலை கிள்ளுகிற கையால் பாப்பாவைத் தொட மாட்டார்.

மூன்றாவது மாதம் பாப்பா பிரம்புக்கூடைக்காகத் தானாகப் புரண்டாள். எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வலிப்பு இருக்கிற பிள்ளை, கழுத்து நிற்காத பிள்ளை என்றால் தெரபிஸ்டைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். பினாங்கில் இருப்பவர்கள் பாகான் ஜெர்மாலில் செயின்ட் நிக்கலஸ் இல்லத்திலும், கோலாலம்பூரில் இருப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்திலும் விசாரித்துப் பார்க்கலாம்.

<b>பிறகு சேர்த்தது</b>

அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். விளிம்புச் சட்டத்துக்கு அடியில் மட்டும், கம்பளித் துணியைப் பட்டையாக வெட்டி ஒட்டுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், அதிர்வு குறையாது. ஒரு தட்டு இடியாப்பத்தோடு கீழே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

இரண்டு பேர் பலகை வளைந்துவிட்டது என்றார்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் அடிப்பக்கம் நம் ஊர் ஈரத்தைக் குடித்து ஊதும், பலகை வளையும். சட்டம் ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் அடியுங்கள், பசை படுகிற விளிம்பை மட்டும் விட்டுவிட்டு. சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். எங்களுடையது கட்டிலுக்கு அடியில் படுத்தவாக்கில் கிடக்கிறது. வெளியே இழுக்கும்போது தரையில் உரசுகிற சத்தத்துக்கே பாப்பா காலை உதைக்க ஆரம்பித்துவிடுகிறாள்.